முட்டிக்கு ஒரு தீர்ப்பு, முதுகுக்கு வேறு தீர்ப்பு

சிலாங்கூரில் சுங்கை பஞ்சாங் தொடங்கி பெஸ்தாரி ஜெயா வரையுள்ள தோட்டத்து மக்களிடம் எலும்பு ஆபரேஷனைப் பற்றிப் பேச்செடுத்தால் வரும் பதில் ஒன்றுதான்: “கத்தி வச்சா அப்புறம் எழுந்திருக்க மாட்டீங்க.” முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்தவர் எழவேயில்லை என்ற கதை ஏறக்குறைய எல்லாத் தோட்டத்திலும் உண்டு. அந்தக் கதைகளெல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. முதுகைப் பற்றிய அந்த அச்சத்தை அப்படியே முட்டிக்கும் நீட்டிவிடுவதுதான் கோளாறு. முட்டியை மாற்றினால் கோயிலைச் சுற்றி வரக்கூடிய பாட்டி, சுவரைப் பிடித்தபடி வருடக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே நடக்கிறார். அவருடைய மகனோ சாதாரண இடுப்புவலிக்கு எம்.ஆர்.ஐ. படத்தை எடுத்துக்கொண்டு, கடன் வாங்கியாவது தனியார் மருத்துவமனையில் முதுகைத் திறந்துவிடலாமா என்று யோசிக்கிறார். தேவைப்படுகிற இடத்தில் பயமும், தேவையில்லாத இடத்தில் அவசரமுமாய் இருக்கிறது நம் நிலை.

வலி எங்கிருந்து வருகிறது என்பதில் இந்த வட்டாரத்தில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. மலாயாவில் வாணிபத்துக்கென முதன்முதலில் செம்பனை நட்டது இங்கேதான். 1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே கோலா சிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில் அதைத் தொடங்கினார். நூறாண்டுக்கு மேலாகியும் குலை வெட்டும் வேலையின் அடிப்படை பெரிதாக மாறவில்லை. உயர்ந்த மரமென்றால் நீண்ட கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து இழுக்க வேண்டும். இருபது கிலோவைத் தொடும் குலையைக் குனிந்து தூக்கி, ஒற்றைச் சக்கர வண்டியில் ஏற்றி, சதுப்பு மண்ணில் சக்கரம் புதையப் புதையத் தள்ள வேண்டும். உதிர்ந்த பழத்தைப் பொறுக்குவது பெரும்பாலும் பெண்கள் வேலை. நாள் முழுக்க குத்துக்காலிட்டு உட்கார்வதும் எழுவதும்தான் அது. மருந்தடிப்பவர் முதுகில் நிறைதொட்டி. மலேசியச் செம்பனை வாரியம் உருவாக்கிய ‘சந்தாஸ்’ என்னும் மோட்டார் அரிவாள் வெட்டும் உழைப்பைக் குறைத்தது; தூக்கும் பாரத்தை அது ஒன்றும் செய்துவிடவில்லை.

2007இல் வெளியான மலேசிய ஆய்வொன்று, 55 வயதைத் தாண்டியோரில் 23 விழுக்காட்டினருக்கும், 65ஐத் தாண்டியோரில் 39 விழுக்காட்டினருக்கும் முட்டிவலி இருப்பதாகக் கண்டது. அது எல்லாத் தொழில் செய்வோரையும் சேர்த்த கணக்கு. வாழ்நாள் முழுக்க ரப்பர்ப் பால்வெட்டும் பழம் பொறுக்கலுமாய்க் கழித்தவர்களின் முட்டியை அதை வைத்து அளந்துவிட முடியாது.

முதலில் முட்டி. தேய்ந்த மூட்டை உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் மாற்றும் அறுவை, எலும்பு மருத்துவத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்று. தேசியப் பதிவேடுகளைத் தொகுத்து 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி, முழுதாக மாற்றப்பட்ட முட்டிகளில் ஏறத்தாழ 82 விழுக்காடு 25 ஆண்டுகள் தாங்குகின்றன. அறுபத்தைந்து வயதில் செய்துகொண்டால் பெரும்பாலோருக்கு ஆயுளுக்கும் போதும். தோட்டத்தில் இந்தச் செய்தி பரவவில்லை என்பது ஒரு நட்டம்தான்.

ஆனால் மூட்டு தாங்குவது வேறு, வலி போவது வேறு. அறுவைக்குப் பிறகும் நீண்ட நாள் வலி நீடிப்பவர்கள், ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டு, 10 முதல் 34 விழுக்காடு வரை இருக்கிறார்கள். இதை ஆபரேஷனுக்கு முன்பே நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் மருத்துவர்கள் போதிய அளவு இல்லை என்பது என் கருத்து. மாற்றிய முட்டி பெரும்பாலோருக்கு 110, 120 பாகை அளவில்தான் மடங்கும். குத்துக்காலிட்டு உட்காரவும், தரையில் சம்மணமிட்டு இலையில் சாப்பிடவும் அது போதாது. லயத்து வீட்டில் குந்தும் கழிப்பறை மட்டும் இருந்தால், அதை மாற்றாமல் முட்டியை மட்டும் மாற்றுவது அரை வைத்தியம். நீரிழிவு இன்னொரு தடை. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் சராசரி 18.3. சர்க்கரை கட்டுக்கடங்காத நிலையில் போடப்பட்ட மூட்டில் கிருமி புகுந்தால் அதைக் கழற்றி மறுபடி போட வேண்டி வரலாம். ஊரில் உலவும் பயமுறுத்தும் கதைகளில் சில இப்படிப் பிறந்தவையாக இருக்கக்கூடும்.

ஆபரேஷன்தான் முதல் படியா என்பதற்கு டென்மார்க்கில் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வு நேர்மையான பதில் தருகிறது. நூறு பேரில் பாதிப்பேருக்கு முட்டி மாற்றி, பிறகு உடற்பயிற்சியும் எடைக்குறைப்பும் மருந்தும் கொடுத்தார்கள். மற்ற பாதிக்கு அறுவையில்லாத சிகிச்சை மட்டும். ஓராண்டில் முட்டி மாற்றியவர்கள் அதிக நன்மை பெற்றார்கள். கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களுக்கே அதிகம். மற்ற பிரிவில் அந்த ஓராண்டுக்குள் ஆபரேஷன் தேடிப் போனவர்கள் 26 விழுக்காடுதான். மூன்று மாதம் முறையாகத் தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்தாலே பலர் அறுவையைத் தள்ளிப்போடலாம். நம் பக்கம் அந்தப் பயிற்சியை ‘கால் ஆட்டுறது’ என்று சிரித்துவிட்டுப் போகிறோம்.

தேய்ந்த முட்டிக்குள் குழாய் விட்டுக் கழுவிச் சுத்தம் செய்யும் முறை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2002இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரில் சிலருக்கு இதைச் செய்து, சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டு ஒப்பிட்டார்கள். கழுவியவர்களுக்கும் கீறியவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. தேய்மானத்துக்காக யாராவது இதைப் பரிந்துரைத்தால் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.

முதுகு கடினமான இடம். எம்.ஆர்.ஐ. படத்தில் ‘டிஸ்க் தேய்ந்திருக்கிறது’ என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் குடும்பமே உடைந்து போகிறது. வலியே இல்லாத மூவாயிரத்துக்கு மேற்பட்டோரின் படங்களை 2015இல் தொகுத்துப் பார்த்தபோது, இருபது வயதினரிலேயே 37 விழுக்காட்டினருக்கும், எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் அந்தத் தேய்மானம் இருந்தது. படத்தில் உள்ளது வலிக்குக் காரணம் என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வெறும் இடுப்புவலிக்காக எலும்புகளைத் திருகாணி போட்டு இணைக்கும் அறுவையை, தீவிர உடற்பயிற்சியோடு ஒப்பிட்டு 2005இல் பிரிட்டன் ஆய்வொன்று வந்தது. கிடைத்த கூடுதல் பலன் சொற்பம். இந்த ஒன்றில் தோட்டத்துப் பயம் ஏறக்குறைய சரி.

காலுக்கு இறங்கும் நரம்புவலி அப்படியல்ல. நெதர்லாந்தில் 2007இல் வந்த ஆய்வில், சீக்கிரமே டிஸ்க்கை அகற்றியவர்களுக்கு வலி விரைவில் தணிந்தது. காத்திருந்தவர்களில் 39 விழுக்காட்டினர் பிறகு அறுவைக்குப் போனார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்பிலும் 95 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். நாள்கூலிக்காரருக்குச் சீக்கிரம் தேறுவது சின்ன விஷயமல்ல; அந்தத் தேர்வு அவருடையதாக இருக்க வேண்டும். சிறுநீர் போகாமல் அடைப்பதும், இடுப்புக்குக் கீழே உட்காரும் இடம் மரத்துப்போவதும், காலைத் தூக்க முடியாமல் போவதும் அவசர ஆபத்து. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எண்ணெய் தேய்த்து உருவி விடுகிறவரிடம் தசைப்பிடிப்புக்குப் போவதில் தவறில்லை. இந்த அறிகுறிகளோடு போகக் கூடாது.

அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட் போதும். ஆனால் சுங்கை பஞ்சாங்கிலிருந்து கிள்ளானுக்கோ சுங்கை பூலோவுக்கோ கூட்டரசு நெடுஞ்சாலை ஐந்தைப் பிடித்துப் போய் வரும் நாளின் கூலியை யார் கொடுப்பது? முட்டி மாற்றியவருக்குப் பயிற்சி முதல் சில வாரங்களில் அடிக்கடி தேவை. அதை விட்டால் முட்டி விறைத்துவிடும்; பழி ஆபரேஷன் மேல் விழும். கத்திக்கு நாள் குறிக்கும்போதே பயிற்சிக்கும் பக்கத்து மாவட்ட மருத்துவமனையில் நாள் குறித்துக் கொடுப்பதைக் கட்டாயமாக்கினால் பாதிக் கதைகள் குறையும் என்று நினைக்கிறேன்.

சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு விஷயத்தில் நம்மவர்கள் ஏமாளிகள். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், வேலையால் வந்த முதுகு, மூட்டுக் கோளாறை நிரூபித்தால் தொழில்நோயாக இழப்பீடு கோரலாம். நிரூபிக்க ஏடு வேண்டும். இத்தனை வருடம் குலை வெட்டினேன், மருந்துத் தொட்டி சுமந்தேன் என்று கிளினிக்கில் எவரும் சொல்வதில்லை; ‘வலிக்குது’ என்று மட்டும் சொல்லி, மாத்திரை வாங்கிவிட்டு வருகிறோம். மருத்துவர் ஏட்டில் எழுதாத உழைப்பு சட்டத்தின் கண்ணில் நடக்கவே இல்லை.

கருவியின் விலையைக் கேட்டுப் பின்வாங்கியவர்களுக்கு: 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம், 40 வயதும் அதற்கு மேலும் ஆன குறைந்த வருமானத்தாருக்கு மருத்துவக் கருவிகளுக்கென 20,000 ரிங்கிட் வரை உதவுகிறது. உங்கள் முட்டிக்கு அது கிடைக்குமா என்று, எலும்பு நிபுணரிடம் போகிற அன்றே அந்த மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவில் கேளுங்கள். அடையாள அட்டையையும், எந்தத் தோட்டத்தில் எத்தனை வருடம் என்ன வேலை என்று எழுதிய ஒரு தாளையும் கையோடு எடுத்துப் போங்கள்.