அசைந்தவர்களின் நிறம்

வண்ணப்புகைப்படம் உள்ளதை உள்ளபடி காட்டுகிறது, கறுப்பு வெள்ளையில்தான் ஏதோ குறைச்சல் என்கிற எண்ணம் நம்மிடம் படிந்துபோயிருக்கு. செர்கேய் புரோகுடின்-கோர்ஸ்கியின் கண்ணாடித் தகடுகளுக்கு முன்னால் இந்த எண்ணம் நிற்பதில்லை. பேரரசின் பரப்பைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டவென்று, ஜார் இரண்டாம் நிக்கோலாஸின் ஆதரவோடு 1909 முதல் 1915 வரை ருஷ்யாவெங்கும் அலைந்து அவர் எடுத்த தகடுகளில் நிறமே கிடையாது. நீளத் தகடொன்றில் மேலும் கீழுமாக மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள். நீலம், பச்சை, சிவப்பு வடிகட்டிகள் வழியே ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தவை. அவற்றிலிருந்து தயாரித்த பாசிட்டிவ்களை அதே நிற ஒளிகளில், திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக வீழ்த்தும்போதுதான் நிறம் பிறக்கிறது. மூன்று வெவ்வேறு கணங்களை ஒரே கணமென நம்பவைக்கிற தொகுப்பு இது.

நம்பிக்கைக்கு ஒரு நிபந்தனை உண்டு: எதிரிலிருப்பவர் அசையக்கூடாது. 1911இல் எடுத்த புகாரா அமீர் ஆலிம்கானின் படம் புகழ்பெற்றது. கையில் வாளோடு நாற்காலியில் கனத்து உட்கார்ந்திருக்கிறார். நீல அங்கியின் பூக்கள் அத்தனை துல்லியம். அதிகாரத்தால் அசையாமலிருக்க முடிகிறது, அதனால் அதற்கு முழுநிறம் வாய்க்கிறது என்று சுலபமா எழுதிவிடலாம். நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். அதே புகாராவின் சிறைச்சாலைப் படம் என் வாதத்தைக் கெடுத்தது. கம்பிகளுக்குப் பின்னால் கைதிகள், வெளியே துப்பாக்கியோடு காவலாளி. கைதிகளுக்கும் நிறம் கிடைத்திருக்கிறது. எழத் தேவையில்லாதவனின் அசையாமையும் வெளியே போக முடியாதவனின் அசையாமையும் காமிராவுக்கு ஒன்றே. வித்தியாசத்தைப் படிக்கவேண்டியது நாம்தான்.

ஓடும் நீரிலும் தலைதிருப்பிய முகங்களிலும் மூன்று கணங்களும் பொருந்தாமல் போய், ஓரங்களில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பிசிறு தட்டுகிறது. படம் எப்படிச் செய்யப்பட்டது என்பதற்குப் படத்துக்குள்ளேயே இருக்கிற சாட்சி இதுதான்.

1948இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வாரிசுகளிடமிருந்து வாங்கிய 1902 நெகட்டிவ்கள் பின்னாளில் கணினியில் பொருத்தப்பட்டன. 'நேற்று எடுத்த மாதிரி இருக்கே' என்று வியக்கிறோம். வியக்கலாம், தப்பில்லை. ஆனா, இந்தப் படங்களில் பிசிறையும் சுத்தமாகத் துடைத்துத் தருகிற திருத்தல்களைப் பார்க்கையில் எனக்கு உறுத்துகிறது. 1917இல் சரிந்த பேரரசு ஒன்று நேற்றைய காட்சியாகிவிட்டால், அதை யார், யாருக்காகப் படமாக்கினார்கள் என்கிற கேள்வி எழாமலே போய்விடும். அசையாம நில்லு என்று சொன்னவருக்கும் நின்றவருக்கும் நடுவே கழிந்த அந்தச் சில நொடிகள் பிசிறில்தான் மிச்சமிருக்கின்றன. துடைக்காத படத்தையே நான் கேட்பேன்.