ஈட்ரெக்ஸ் 22எக்ஸ்: சாட்டிலைட் பிடிக்கத் தாமதமா?

மைசூரில் கையடக்க ஜிபிஎஸ் கருவிக்கு இன்னும் வேலை இருக்கிறது. நாகரஹொளெ, பந்திப்பூர், பிளிகிரி ரங்கன மலை என்று மூன்று புலிக் காப்பகங்கள் சில மணி நேரப் பயணத்தில் எட்டிவிடும் தூரத்தில் இருக்கின்றன. காட்டுக்குள் போகப் போக செல்போன் சிக்னல் அறுந்துபோகும். அனுமதி வாங்கிக்கொண்டு பறவைக் கணக்கெடுப்புக்கும் தாவர ஆய்வுக்கும் போகிறவர்கள் இந்தக் கருவியை இன்னும் கைவிடாததற்கு அதுதான் காரணம். இதைப் பற்றி அதிகம் எழும் புகார், ஆன் செய்தால் சாட்டிலைட் பிடிக்க ஒரு யுகம் ஆகிறது என்பது. கார்மின் நிறுவனம் 2019இல் கொண்டுவந்த ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் மாடலை வைத்து இந்தப் புகாரை ஆராய்ந்தால், தாமதத்தின் பெரும்பகுதி கருவியை ஆன் செய்த முதல் சில நிமிடங்களில் நாம் அதை எப்படி நடத்துகிறோம் என்பதைப் பொறுத்தது என்று தெரியவரும். பழுது என்று முடிவுகட்டிப் பணத்தைச் செலவழிக்கும் முன் தொடங்கும் முறையை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

ஒரு சின்னக் கணக்கில் இதை விளக்கிவிடலாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து கிளம்பும் அலை தரைக்கு வந்து சேரும்போது, சுற்றியிருக்கும் இரைச்சலைவிடப் பலவீனமாகிவிடுகிறது. அது சுமந்து வரும் செய்தியின் வேகமும் நொடிக்கு வெறும் 50 பிட்தான். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் கடிகாரத் திருத்தத்தையும் துல்லியமான சுற்றுப்பாதை விவரத்தையும் 30 நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதைச் சொல்லி முடிக்க 18 நொடி ஆகிறது. நடுவில் ஒரு மரக்கிளை மறைத்து ஒரு துண்டு விட்டுப்போனால், அதே துண்டு மறுபடி வரும்வரை அடுத்த சுற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் மூன்றும் கிடைக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் செய்தி முழுதாக வந்து சேர வேண்டும். எவ்வளவு விலையுயர்ந்த கருவி வாங்கினாலும் இந்த 50 பிட் வேகத்தைக் கூட்ட முடியாது, ஏனென்றால் அது அனுப்பும் பக்கத்தில் நிர்ணயிக்கப்பட்ட வேகம்.

கருவியின் சாட்டிலைட் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டால் இது கண்ணெதிரே நடப்பதைப் பார்க்கலாம். வானத்தைக் குறிக்கும் வட்டத்தில் எண்கள் தெரியும், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பட்டை எழும். உள்ளே காலியாக இருக்கும் பட்டை, சிக்னல் கேட்கிறது, செய்தி இன்னும் முழுதாக வரவில்லை என்பதைக் காட்டுகிறது. செய்தி முழுதாக வந்ததும் பட்டை நிரம்புகிறது. மைசூரின் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் மரம் மறைக்காத ஓரிடத்தில், திரை வானத்தைப் பார்க்கும்படி கருவியைக் கிடத்தி வைத்தால், கையேடு சொல்லும் 30 முதல் 60 நொடிக்குள் பட்டைகள் ஒவ்வொன்றாக நிரம்பி இடம் கிடைத்துவிடும். அதே கருவியை ஆன் செய்த கையோடு சாமுண்டி மலையின் மர நிழல் விழும் படிகளில் ஏறத் தொடங்கினால், காலிப் பட்டைகள் எழும்பும், குறையும், மறுபடி எழும்பும், ஆனால் நிரம்பாது. இரண்டு இடத்திலும் கருவியின் காது ஒன்றுதான். ஒரே இடத்தில் நின்று கேட்கும் வாய்ப்பு மட்டும் இரண்டாவது இடத்தில் கிடைப்பதில்லை. இடம் ஒருமுறை கிடைத்துவிட்டால் அதன் பிறகு நிழலுக்குள் நடந்தாலும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் செய்தி ஏற்கெனவே கையில் இருக்கிறது, அலையைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டிருந்தால் போதும்.

தொடக்கம் எல்லா நாளும் ஒன்று போல இருக்காது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். சுற்றுப்பாதை விவரம் ஏறக்குறைய நான்கு மணி நேரத்துக்குத்தான் செல்லுபடியாகும். மதியச் சாப்பாட்டுக்கு அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்தால் சில நொடிகளில் இடம் கிடைப்பது அதனால்தான். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த கருவிக்கு அந்த விவரமும் காலாவதி ஆகியிருக்கும். எந்தச் செயற்கைக்கோள் எப்போது எங்கே இருக்கும் என்று தோராயமாகச் சொல்லும், பஞ்சாங்கம் போன்ற பட்டியலும் பழசாகியிருக்கும். அந்தப் பட்டியலை வானத்திலிருந்து முழுதாக இறக்க 12.5 நிமிடம் தேவை. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவரும் கருவியும் முதல் நாள் இப்படித்தான் திணறும். கடைசியாக அணைத்த ஊரிலேயே இருப்பதாக நினைத்து, மைசூர் வானத்தில் இல்லாத செயற்கைக்கோள்களைத் தேடிக்கொண்டிருக்கும். சாட்டிலைட் பக்கத்தின் மெனுவில், இருக்கும் இடத்தைத் தானாகக் கண்டுபிடிக்கச் சொல்லும் வசதி இதற்குத்தான் இருக்கிறது. பலரும் முதலில் கைவைக்கும் மாஸ்டர் ரீசெட்டோ நிலைமையை மோசமாக்குகிறது. சேமித்த விவரம் அழிந்துபோவதால் அடுத்த தொடக்கம் இன்னும் நீளும். எனவே ரீசெட் கடைசி மருந்தாகவே இருக்கட்டும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது. செல்போன் இரண்டே நொடியில் இடத்தைக் காட்டுகிறதே, புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் ரோந்துச் செயலியான எம்-ஸ்ட்ரைப்ஸ்கூட வனக் காவலர்களின் போனில்தான் ஓடுகிறது, பிறகு தனிக் கருவி எதற்கு என்று கேட்கலாம். போனின் வேகம் அதன் ஜிபிஎஸ் சிப்பிலிருந்து மட்டும் வருவதில்லை. சுற்றுப்பாதை விவரத்தை அது மொபைல் நெட்வொர்க் வழியாக நொடியில் இறக்கிக்கொள்கிறது, செல் டவரையும் வைஃபையையும் வைத்து முதலில் தோராயமான ஓரிடத்தைக் காட்டிவிடுகிறது. நெட்வொர்க் இல்லாத காட்டுக்குள் பழைய விவரத்தோடு ஆன் செய்யும் போனும் அதே 50 பிட் வரிசையில்தான் நிற்க வேண்டும். சேவல் கூவி மயில் அகவும் விடியலில் ரோந்து கிளம்பும் காவலர் போனை வைத்திருந்தாலும், காட்டுக்குள் நுழையும் முன் வெட்டவெளியில் ஒரு நிமிடம் நிற்பது அவருக்கும் பயன்படும். ஈட்ரெக்ஸிலும், அடிக்கடி பயன்படுத்தினால் விவரம் பழசாகாமல் இருப்பதால் சீக்கிரம் பிடிக்கும்.

கருவி கேட்கும் செயற்கைக்கோள் அமைப்பை மாற்றினால் போதாதா என்பது அடுத்த மறுப்பு. ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸையும் சேர்த்தால் சராசரியாக 20 சதவீதம் வேகமாகப் பிடிக்கும் என்று கார்மின் சொல்கிறது. கேட்க அதிகச் செயற்கைக்கோள்கள் கிடைப்பதால் இது நம்பக்கூடியதே, ஆனால் பேட்டரி கொஞ்சம் அதிகம் செலவாகும். ஜிபிஎஸ்ஸுக்குத் திருத்தம் அனுப்பும் நம் ககன் அமைப்பின் கட்டுப்பாட்டு மையம் பக்கத்திலேயே, பெங்களூரு குந்தலஹள்ளியில் இருக்கிறது. ஆனால் அது தரும் திருத்தம் துல்லியத்தைக் கூட்டுமே தவிர முதல் பிடிப்பை வேகப்படுத்தாது. இந்தியாவின் சொந்தச் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பான நாவிக்கின் சிக்னலை 22எக்ஸ் வாங்குவதே இல்லை. மைசூர் வானத்தைக் குறை சொல்லவும் இடமில்லை. 12 டிகிரி வட அட்சரேகையில் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தலைக்கு மேலேயும் எல்லாத் திசையிலும் வந்து போகின்றன. ஒரே விதிவிலக்கு, சூரியன் மறைந்த பிறகான சில மணி நேரம். காந்த நடுக்கோடு நம் தீபகற்பத்தின் தென்முனைக்கு அருகே செல்வதால், மார்ச், செப்டம்பர் மாதங்களையொட்டிய இரவுகளில் அயனி மண்டலம் கலங்கிச் சிக்னல் துடிக்கும். சூரியனின் செயல்பாடு உச்ச நிலையை எட்டிவிட்டதாக நாசா 2024 அக்டோபரில் அறிவித்தது. இத்தகைய ஆண்டுகளில் இந்தத் துடிப்பு கூடுதலாகவே இருக்கும். காலையில் நன்றாகப் பிடித்து இரவில் மட்டும் தடுமாறும் கருவியை சர்வீசுக்கு அனுப்புவது வீண்செலவு.

கருவியே பழுதாகும் சந்தர்ப்பமும் உண்டு, அதைப் பிரித்தறிய வழியும் உண்டு. புது செல் போட்டு, செட்டப்பில் செல் வகையைச் சரியாகத் தேர்ந்து, ஜிபிஎஸ்ஸை நிறுத்திவைக்கும் டெமோ மோட் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மொட்டைமாடியில் அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். ஒரு பட்டைகூட எழவில்லை என்றால் ஆன்டெனாவோ ரிசீவரோ போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். இடம் சரியாக வந்து தேதி மட்டும் பல வருடம் பின்னால் காட்டினால், அது பழைய கருவிகளின் நோய். ஜிபிஎஸ்ஸின் வார எண் 1,024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் ஃபர்ம்வேர் அப்டேட் கிடைக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் தயாரிப்பாளர்களுக்கும் கடமை உண்டு. 30 முதல் 60 நொடி என்ற ஒரே எண்ணைக் கையேட்டில் போடுவதற்குப் பதிலாக, நீண்ட நாள் கழித்துத் தொடங்கினால் எவ்வளவு நேரம், ஏன் நகராமல் நிற்க வேண்டும் என்பதைத் திரையிலேயே எழுதிக் காட்டினால் பாதிப் புகார் எழாது.

மைசூர் நகருக்குள் மட்டும் சுற்றுகிறவருக்கு 22எக்ஸ் தேவையில்லை, போன் போதும். காட்டு எல்லையில் வேலை செய்கிறவருக்கு இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரண்டு ஏஏ செல்லில் 25 மணி நேரம் ஓடும் என்கிறது நிறுவனம். தண்ணீருக்கு அஞ்சாது, ஈரக்கையாலும் பொத்தானை அழுத்தலாம், நெட்வொர்க் எதையும் நம்பி இருக்காது. கிளம்புவதற்கு முந்தின நாள் வெட்டவெளியில் கால் மணி நேரம் ஆன் செய்து வைத்துப் பட்டியலைப் புதுப்பித்துவிடுங்கள். காலையில் வண்டியை விட்டு இறங்கியதும், பட்டைகள் நிரம்பிய பிறகே முதல் அடி எடுத்து வையுங்கள். இந்த இரண்டையும் செய்தும் தாமதித்தால்தான் கருவிமேல் புகார் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.