கண்டவரும் கைக்கொண்டவரும்

தென்னிந்தியத் திருச்சபைகளின் நூற்றாண்டு மலர்களைப் புரட்டினால், பள்ளியானாலும் மருத்துவமனையானாலும் கதை யாரோ ஒருவர் பெற்ற தரிசனத்தில்தான் தொடங்கும். நிறுவனர் கண்டதை விரிவாக எழுதுகிறார்கள். அவருக்குப் பின்வந்தோர் அதை எப்படிக் கைக்கொண்டார்கள் என்பது இரண்டு பத்தியில் முடிந்துவிடுகிறது. தலைமைத்துவத்தை உரசிப் பார்க்க வேண்டிய இடமோ அந்த இரண்டு பத்திதான்.

வேலூரை எடுத்துக்கொள்ளலாம். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் அமெரிக்க மிஷனரி ஒருவரின் மகளான ஐடா ஸ்கடரின் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். டாக்டரான அவருடைய தந்தையை அழைத்துப்போக மூவரும் மறுத்தார்கள். ஆண் டாக்டர் தொடக்கூடாது. ஐடாவுக்கோ அப்போது மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அமெரிக்கா சென்று 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பிய ஐடா, 1902-இல் வேலூரில் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனையைத் திறந்தார். ஒரு டாக்டரால் எத்தனை ஊர்களுக்குப் போக முடியும்? 1909-இல் செவிலியர் பயிற்சியும் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை.

இதுவரை எல்லோரும் சொல்லும் கதை. 1930-களின் இறுதியில் சென்னை மாகாண அரசு பழைய மருத்துவ டிப்ளமா படிப்பை நிறுத்தி, எம்.பி.பி.எஸ். தரத்தைக் கட்டாயமாக்கியது. அதற்குப் போதிய பேராசிரியர்களோ படுக்கைகளோ பணமோ வேலூரில் இல்லை. பல மிஷன்கள் கைகோக்க வேண்டும், ஆண் மாணவர்களையும் சேர்க்க வேண்டும் என்று ஆயிற்று. பெண்களுக்கென்றே நன்கொடை திரட்டித் தந்த அமெரிக்கத் தோழியர் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். ஐடாவுக்கு அப்போது எழுபதை நெருங்கும் வயது. தன் கையால் கட்டியதைப் பிறர் கைக்குத் தந்து, அதன் உருவம் மாறவும் அவர் இசைந்தார். அந்த இரவின் தரிசனத்தைவிட இந்த இசைவே பெரியது என்று சொல்லத் தோன்றுகிறது. 1947-இல் ஆண்கள் சேர்ந்தார்கள். முந்திய ஆண்டு வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அந்த அறுவைகளைச் செய்தார். திண்டிவனத்து இரவில் இவை எதுவும் தென்பட்டிருக்க முடியாது.

டோனாவூர்க் குழந்தைகள் இல்லத்தில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் வளர்த்தது வேறொரு வழி: தேவையை மனிதரிடம் சொல்லி நன்கொடை கேட்காமல், ஜெபத்தை மட்டும் நம்பிக் குழந்தைகளை வளர்ப்பது. 1931-இல் கீழே விழுந்த பிறகு, 1951-இல் மறையும்வரை அவர் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். இல்லம் தளரவில்லை.

வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வழி இரண்டிலிருந்தும் மாறுபட்டது. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளைக்காரர். 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே ஊழியரை அனுப்பித் தாங்குவதைக் கண்டார். அடுத்த ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. 1905-இல் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம். ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையவை என்பது அவற்றின் கொள்கை. பிறரை அனுப்பிவிட்டு ஊரில் இருந்துவிடவில்லை அசரியா. தெலுங்கு கற்றுக்கொண்டு, சங்கத்தின் பணிக்களமான தோர்ணக்கலுக்கே போனார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

தோர்ணக்கலில் அவர் தரிசனத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாத விதம் கவனிக்கத்தக்கது. ஞானஸ்நானம் பெற்றவர், படிக்காத கூலியாளாக இருந்தாலும், தன் தலைமேல் தானே கைவைத்து, நற்செய்தியை அறிவிப்பது தன் கடமை என்று உறுதி சொல்ல வேண்டும். வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துக் காணிக்கையாகக் கொண்டுவந்தார்கள். வறியவர்களின் அந்த அரிசி, சபையை அவர்களுக்கே உரிமையாக்கியது. வெளிநாட்டுக் காசோலையால் அது ஆகியிருக்காது.

1919-இல் தரங்கம்பாடியில் கூடிய போதகர்கள் சபைகளின் ஒன்றிப்புக்கு அழைப்பு விடுத்தபோது அசரியாவும் முன்னின்றார். பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் இழுத்தது. 1945-இன் முதல் நாளில் அவர் காலமானார். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் உருவானபோது அவர் இல்லை.

இன்று பல திருமண்டலங்களின் நேரத்தைத் தேர்தலும் சொத்து வழக்குகளும் விழுங்குகின்றன. நிறுவனரின் பெயரைச் சொல்லிப் பதவியில் ஒட்டிக்கொள்வோரும் உண்டு. அடுத்த மலரைத் தயாரிக்கும் குழுவினர், நிறுவனரின் படத்துக்குப் பக்கத்தில் அவர் பணியைத் திருத்தி விரித்தவர்களின் பெயர்களையும் அச்சிட வேண்டும். பொறுப்பு எந்த ஆண்டில், எவ்வாறு கைமாறியது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.