வளைக்குள் இறங்கும் விஷம்

விஞ்ஞானக் கதைகளைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் அவற்றில் வரும் யந்திரங்களைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அந்த ராக்கெட் பறக்குமா, இந்தக் கதிர் சாத்தியமா என்ற விசாரணை பௌதிக ஆசிரியருக்கு உரியது. விமர்சகன் கேட்கவேண்டியது வேறு. ஒரு ஆயுதம் கதைக்குள் வந்ததும் கதை சொல்பவனின் பார்வை என்னவாகிறது?

இந்தக் கேள்வியை விஷவாயு விஷயத்தில் கேட்டுப் பார்க்கலாம். துப்பாக்கிக்காரன் எதிரியைப் பார்த்தாக வேண்டும். குறைந்தபட்சம் குறியையாவது பார்க்க வேண்டும். வாயுவைத் திறந்துவிடுகிறவனுக்கு அதுகூட அவசியமில்லை. மற்றதைக் காற்று பார்த்துக்கொள்ளும். நாவலோ பார்ப்பதால் உயிர் வாழ்கிற கலை. இரண்டும் ஒரே புஸ்தகத்தில் சந்திக்கும்போது ஒன்று மற்றொன்றைத் தோற்கடித்தே தீரும். எது எதைத் தோற்கடித்தது என்பதை வைத்து அந்தப் புஸ்தகத்தின் தரத்தைச் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எச். ஜி. வெல்ஸின் 'உலகங்களின் யுத்தம்' 1897ல் பத்திரிகைத் தொடராகவும் 1898ல் நூலாகவும் வந்தது. செவ்வாய்வாசிகளின் வெப்பக் கதிரைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் லண்டனை நோக்கி அவர்கள் நகரும்போது ஊர்களைத் துடைத்தெடுப்பது கரும்புகை. எறியப்படும் கலங்கள் உடைந்து வெளிப்படும் அந்த ஆவி மேலே எழுவதில்லை. திரவம் போலத் தரையோடு வழிந்து பள்ளங்களை நிரப்புகிறது. வேலை முடிந்ததும் அவர்களே நீராவியைப் பீச்சி அதைப் படியவைக்கிறார்கள். 1915 ஏப்ரல் 22ம் தேதி ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மானியப் படை 150 டன்னுக்கு மேற்பட்ட குளோரினைத் திறந்துவிட்டபோது அதுவும் இப்படித்தான் காற்றைவிடக் கனத்துப் பதுங்குகுழிகளுக்குள் இறங்கியது. இதற்காக வெல்ஸைத் தீர்க்கதரிசி என்பார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

பெரிதாகப் படுவது அங்கே அவர் கையாளும் உவமை. குளவிக்கூட்டுக்கு மனிதன் புகை போடுகிற அதே நிதானத்தோடு செவ்வாய்வாசிகள் இதைச் செய்ததாக எழுதுகிறார். குளவி இங்கே நாம். முதல் அத்தியாயத்திலேயே டாஸ்மேனியப் பழங்குடிகளுக்கு ஐரோப்பியர் செய்ததை நினைவுபடுத்தி, செவ்வாய்வாசிகளைக் குறைசொல்லும் யோக்கியதை நமக்கு உண்டா என்றும் கேட்டுவிடுகிறார். கதை சொல்பவன் ஹாலிஃபோர்டில் ஆளில்லாத ஒரு வீட்டில் அந்தப் புகைக்குப் பயந்து அடைபட்டுக் கிடக்கிறான். பார்வை கூட்டுக்குள்ளிருந்து வருகிறது. முடிவில் செவ்வாய்வாசிகளைக் கொல்வது கிருமிகள். மனிதன் தயாரித்த எதுவுமில்லை. மனிதன் கையில் விஷத்தைக் கொடுக்க வெல்ஸ் சம்மதிக்கவில்லை.

அறுபத்தோரு வருஷம் கழித்து, 1959ல், ராபர்ட் ஹைன்லைனின் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' வருகிறது. விஷம் கை மாறிவிட்டது. எதிரிகள் சிலந்தி போன்ற உடல் கொண்ட வேற்றுக்கிரகவாசிகள். சிப்பாய்கள் அவர்களைப் 'பூச்சி' என்று மட்டுமே அழைக்கிறார்கள். பூமிக்கடியில் உள்ள அவர்களது வளைகளுக்குள் நரம்பு விஷத்தை இறக்கி வாய்களை அடைக்கிற காரியம் ஒரு பொறியாளரின் வேலைக்குறிப்புப் போல எழுதப்பட்டிருக்கிறது. எந்த வளை, எந்த வரிசை, யார் காவல். வளைக்குள் என்ன நடந்தது என்பதற்கு ஒரு வாக்கியம் கிடையாது. வெல்ஸிடம் உவமையாக இருந்தது இங்கே உவமை என்ற தகுதியைக் கூட இழந்து நேர் விவரமாகிவிட்டது.

ஹைன்லைன் மோசமான எழுத்தாளர் இல்லை. அவருடைய 'பூச்சி'களுக்கு அறிவு உண்டு, விண்கலங்கள் உண்டு. கதைசொல்லி இதை ஒப்புக்கொள்கிறான். அந்தச் சமூகத்தைப் பரிணாமத்தால் பொருந்திப்போன பூரண கம்யூனிசம் என்றும் விளக்குகிறான். 1950களின் அமெரிக்காவில் இந்தப் பூச்சி யார் என்பதற்கு அகராதி வேண்டியிருக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. கதாநாயகன் ரிக்கோவின் வீட்டு மொழி டாகாலோக் என்று நாவலின் பிற்பகுதியில், போகிற போக்கில், தெரியவருகிறது. நிறபேதம் ஒழிந்த மனித குலம் என்று இதைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. பாராட்டத்தான் வேண்டும். ஆனால் உள்ளே அழிந்த கோடு வெளியே இன்னும் தடித்து வரையப்பட்டிருப்பதையும் பார்க்கவேண்டும். வெளியே பூச்சி இருப்பதால்தான் உள்ளே எல்லோரும் மனிதர்.

'இது வெறும் கதை, பூச்சி பூச்சிதான்' என்று சொல்பவர்களுக்குச் சரித்திரம் வேறு மாதிரிப் பதில் வைத்திருக்கிறது. ஹைன்லைன் பயன்படுத்தும் நரம்பு விஷம் பிறந்த இடமே பூச்சிமருந்து ஆராய்ச்சி. ஐ.ஜி. ஃபார்பென் நிறுவனத்தில் கெர்ஹார்ட் ஷ்ராடர் 1936ல் பூச்சிக்கொல்லி தேடும்போதுதான் டாபூன் கிடைத்தது, 1938ல் சாரின். ஆஷ்விட்ஸில் 1941லிருந்து மனிதர்கள் மேல் பயன்படுத்தப்பட்ட ஸைக்ளான் பி, பேனுக்கும் பூச்சிக்கும் போட விற்கப்பட்ட சரக்கு. யூதரைப் பேன், புழு என்று முதலில் சொன்னார்கள். டப்பா பிறகு வந்தது. 1984 டிசம்பரில் போபாலில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கொன்றதும் ஒரு பூச்சிமருந்துத் தொழிற்சாலையின் வாயு. அங்கே யாரும் யாரையும் பூச்சி என்று சொல்லவில்லை. வாயுவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நம் பாஷையில் இந்தச் சரக்கை 'மருந்து' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வில்ஃப்ரட் ஓவன் 1917ல் எழுதிய 'டல்ஸே எட் டெக்கோரம் எஸ்ட்' என்ற கவிதையில் வாயுவில் மாட்டியவனை முகமூடிக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறான் ஒரு சிப்பாய். கண்ணாடி மங்கலானது, ஆனாலும் பார்க்கிறான். பிறகு கனவிலும் பார்த்துக்கொண்டே இருக்கிறான். சாகிறவன் தன் பக்கத்து ஆள் என்பதால்தான் இது சாத்தியமாயிற்று என்று ஒருவர் வாதிக்கலாம். எதிர்ப்பக்கத்து ஆளையும் இப்படிப் பார்க்க முடியுமா என்பதே விஞ்ஞானக் கதைக்கு வைக்கப்பட்ட பரீட்சை. கண், கை, குரல் எதுவும் நம்மோடு ஒத்துப்போகாத ஒரு ஜீவனின் மூச்சுத்திணறலை எழுதுவதைவிடக் கஷ்டமான வேலை இந்தத் துறையில் இருப்பதாகத் தெரியவில்லை. ஹைன்லைன் அந்தப் பரீட்சைக்கே உட்காரவில்லை.

உட்கார்ந்தவர் ஜோ ஹால்டெமன். வியட்நாமில் போரிட்டுக் காயப்பட்டவர். அவருடைய 'முடிவற்ற யுத்தம்' 1974ல் வந்தது. டாரன்களோடு நேருக்கு நேரான முதல் மோதலுக்கு முன், சிப்பாய்களின் மனத்தில் வசியத்தால் பொய் நினைவுகள் புகட்டப்பட்டிருக்கின்றன. கட்டளை வந்ததும் அவை விழித்துக்கொள்கின்றன. அநேகமாக எதிர்க்கவே தெரியாத கூட்டத்தை வெட்டித் தள்ளுகிறார்கள். அந்த நினைவுகள் பொய் என்று மாண்டெல்லாவுக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் கை நிற்பதில்லை. விஷத்தை எதிரியின் வளைக்குள் இறக்குவதற்கு முன்னால் நம் ஆளுக்குள் இறக்கியாக வேண்டும் என்பதை ஹால்டெமன் கண்டுகொண்டார். 1143 வருஷம் நடந்த அந்த யுத்தமே ஒரு தவறான புரிதலில் ஆரம்பித்தது என்பது கடைசியில் தெரிகிறது. அவருடைய நடை தட்டையானது. பாத்திரங்கள் ஹைன்லைனுடையவை அளவுக்குக்கூட நினைவில் நிற்பதில்லை. ஆனாலும் அவர் பார்த்திருக்கிறார்.

1993ல் கையெழுத்தாகி 1997ல் அமலுக்கு வந்த ரசாயன ஆயுத ஒப்பந்தத்தில், நச்சு ரசாயனம் என்பதற்கு மனிதருக்கோ மிருகங்களுக்கோ மரணமோ நிரந்தரக் கேடோ விளைவிப்பது என்ற ரீதியில் வரையறை வருகிறது. இந்த ஆயுதத்தை எந்தச் சூழ்நிலையிலும் பயன்படுத்தக் கூடாது என்கிறது முதல் ஷரத்து. விவசாயத்துக்கான விஷத்துக்கு விலக்கு உண்டு. ஆக, ரசாயனம் ஒன்றேதான், நோக்கம்தான் பிரிக்கிறது. எதிரே இருப்பது எதிரியா, பூச்சியா என்று பெயர் வைப்பதில் அந்த நோக்கம் மாறிவிடுகிறது.

பெயர் வைப்பது நம் தொழில். வக்கீல்கள் 'மிருகங்கள்' என்ற சொல்லைச் சேர்த்துக் காட்டிய விசாலத்தைக்கூட, நட்சத்திரங்கள் வரை போய்வந்த நாவலாசிரியர்களில் பலர் காட்டவில்லை. அடைத்த வளையின் வாயைத் திறந்து உள்ளே பார்க்கிற புஸ்தகம் எத்தனை மட்டமான தாளில் அச்சாகியிருந்தாலும் அதை இலக்கியம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.