மூக்குக்கு நேரே ஒரு கைப்பிடி

2022-இல் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த சிக் சாவர் துப்பாக்கிக்குக் காக்கிங் ஹேண்டில், அதாவது சுடத் தயாராக்க இழுக்கும் கைப்பிடி, இரண்டு. ஒன்று ஏஆர்-15-இல் உள்ளதுபோலப் பின்னால், டி வடிவில். மற்றொன்று இடப்பக்கத்தில். பழகியவருக்குப் பழையது, விரும்பியவருக்குப் புதியது என்று இதைக் கொண்டாடுகிறார்கள். பின்பிடி போதுமானதாக இருந்தால் பக்கப்பிடிக்கு என்ன வேலை?

பின்பிடியில் நன்மை இல்லாமல் இல்லை. ஏ.கே.-47-இல் ஓடுவதுபோல, சுடும்போது இந்தப் பிடி, தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் போல்ட்டோடு சேர்ந்து ஓடாது. பக்கச்சுவரில் பிடிக்கென்று நீளமாகப் பள்ளம் வெட்டவும் வேண்டாம்.

கோளாறு அது இருக்கும் இடத்தில்தான். ஏஆர்-15-இன் ராணுவ வடிவமான எம்16-இல் பழகியவர்களுக்கு அமெரிக்க ராணுவம் சொல்லிக்கொடுத்தது, மூக்கு நுனி அந்தப் பிடியைத் தொடவேண்டும் என்று. கண் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்பதற்காக. அதாவது முகம் அசையாமல் இருக்கவேண்டிய இடமும் கை இழுக்கவேண்டிய இடமும் ஒன்று! குப்புறப் படுத்துச் சுடுபவரைப் பாருங்கள். கன்னத்தைத் துப்பாக்கியின் பின்கட்டையிலிருந்து எடுக்கிறார், முழங்கையை மடக்குகிறார், பிடியைத் தாடையோரமாக இழுத்து விடுகிறார், மறுபடி கன்னம் பதித்து இலக்கைத் தேடுகிறார். நம் காவலர்கள் தோளில் பார்த்துப் பழகிய எஸ்.எல்.ஆரில் பிடி இடப்பக்கம், முன்னால். வலக்கை விசையருகே இருக்க, இடக்கை இழுத்துவிடும். கன்னம் நகரவேண்டியதில்லை.

அடிக்கடி இழுக்கவா போகிறோம் என்பார்கள். மேகசின் தீர்ந்தால் போல்ட் பின்னால் நின்றுகொள்ளும், புதியதைச் செருகி போல்ட் கேட்ச்சைத் தட்டினால் போதும் என்பார்கள். எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை சரி. தோட்டா வெடிக்காமல் போனாலோ வெற்றுத் தோட்டா சேம்பரில் சிக்கினாலோ அந்தப் பிடியைத் தவிர வேறு கதியில்லை. அவசரத்துக்கென்றே உள்ள உறுப்பை அவசரத்தில் எட்டாத இடத்தில் வைத்ததை எப்படி மன்னிப்பது?

மேலே தொலைநோக்கி ஏறியதும் பின்பிடியைப் பூட்டிவைக்கும் இடப்புறத்துச் சிறு கொக்கி அதன் அடியில் ஒளிந்தது. உடனே நீட்டிய கொக்கிகள் கடைக்கு வந்தன. டி வடிவின் ஒரு சிறகை மட்டும் பிடித்து இழுத்தால் நீளத்தண்டு கோணிக்கொண்டு உரசுகிறது. அதற்காகத் தடித்த தண்டு. சத்தம் குறைக்கும் குழாயை மாட்டினால் பிடியின் இடுக்கு வழியாகப் புகை கண்ணுக்கு வருகிறது. அதற்காக இடுக்கை அடைக்கும் இன்னொரு பிடி. எல்லாமே இடத்தை மாற்றாமல் உறுப்பை மாற்றிய ஒட்டுவேலைகள். புதிய துப்பாக்கிக்குப் பக்கப்பிடி வைத்த கையோடு பின்பிடியைக் கழற்றி, அந்த இடுக்கை உலோகத்தால் மூடியிருக்கவேண்டும்.