மெக்பெத் நாடகத்தில் இடம் மாறிய இல்லறம்
ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்' நாடகத்தில் கணவனும் மனைவியும் தத்தம் பால்நிலைக்குரிய இடங்களை மாற்றிக்கொள்கின்றனர் என்பது பலரும் உரைத்த கருத்தாகும். கொலைக்குத் தயங்கும் மெக்பெத்தின் ஆண்மையை ஐயுற்று அவனைத் தூண்டுபவள் மனைவியே. எனினும் இம்மாற்றம் முழுமையானதன்று. உறங்கும் டங்கன் தன் தந்தையை ஒத்திருந்தமையால் அவளால் கொல்ல இயலவில்லை.

மூன்றாம் அங்கமே பெரிதும் நோக்கத்தக்கது. முன்பு அனைத்தையும் மடலெழுதித் தெரிவித்தவன், பாங்கோவைக் கொல்ல ஆளமர்த்தியதை அவளிடம் மறைக்கிறான். கொலைத்திறனே ஆண்மை என அவள் கற்பித்தாள். அதனை முற்றும் ஏற்றவனுக்கு அவளது துணை தேவைப்படவில்லை. விருந்துக் காட்சியில் அவள் மீண்டும் அவன் ஆண்மையை வினவுகிறாள். அச்சொல் இம்முறை பயன்படவில்லை. ஐந்தாம் அங்கத்தில், உறக்கத்தில் நடந்து கைகழுவும் அவளை மருத்துவரும் பணிப்பெண்ணுமே காண்கின்றனர். மன்னனோ போர்க்களம் சென்றுள்ளான்.