மாதவிக்கு ஒரு வெண்கலச் சிலை

சித்திரை முழுநிலவு நாளில் கம்பம் பள்ளத்தாக்கே மலையேறுகிறது. பளியங்குடியிலிருந்து காட்டுப் பாதையில் நடந்து, ஆண்டுக்கு ஒரே நாள் வழிபாட்டுக்குத் திறந்துவிடப்படும் மங்கலதேவி கண்ணகி கோட்டத்தை மக்கள் அடைகின்றனர். சென்னைக் கடற்கரையிலோ, 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நாட்டப்பெற்ற கண்ணகி, கையில் சிலம்புடன் நிற்கிறாள். 2001 டிசம்பரில் அச்சிலை அகற்றப்பட்டபோது தமிழ் உள்ளங்கள் கொதித்தன; 2006 ஜூனில் மீண்டும் நிறுவப்பட்டபோது குளிர்ந்தன. அரசனை எதிர்த்து நீதி கேட்டவளுக்குச் சிலை வேண்டாம் என்போர் அல்லர் நாம். அதே காப்பியத்தின் ஆடல்மகளுக்குக் கடற்கரை வரிசையில் இடமில்லையே, ஏன் என்றுதான் கேட்கிறோம். பூம்புகார்க் கலைக்கூடத்துச் சிற்பங்களில் கதையோடு கதையாக அவளும் உண்டு என்பதை அறிவோம். கதையின் துணைப்பொருளாக இருப்பது வேறு. தனக்கெனப் பீடம் பெறுவது வேறு.

மாதவி யார்? ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்றவள். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளந்து கட்டிய அரங்கில், சோழன் முன் ஆடித் தலைக்கோல் பட்டம் பெற்றவள். அரங்கின் அளவையும், யாழாசிரியன், குழலாசிரியன், தண்ணுமையாசிரியன் தகுதிகளையும் விரித்துரைக்கும் இளங்கோ, கலையை அற்பமாக எண்ணியவரா? அத்தனை கலையையும் அடுத்த கணமே சந்தை விழுங்குகிறது. ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் விலை பெற்ற மாலையைக் கோவலன் வாங்குகிறான். மாலையோடு மங்கையும் அவனுக்கு! ஆடியவளின் விருப்பத்தை அங்கே எவர் கேட்டார்?

குடும்பத்தைக் கெடுத்தவள் என்ற பழியும் அவள் தலையில்தான். மதுரைக்குச் செல்லும் வழியில் அவளுடைய ஓலையைப் படித்த கோவலனே, தவறு தன்னுடையது, அவளுடையதன்று என உணர்கிறான். குற்றவாளியே விடுதலை அளித்த பின்னும் மேடைப் பேச்சாளர் விடவில்லை! கற்பைப் பெண்ணுக்கு மட்டும் விலங்காக்குவதாகச் சிலப்பதிகாரத்தையே சாடினார் பெரியார். கண்ணகிக்குச் சிலையெடுத்தது அண்ணா தலைமையிலான அரசு. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையே, விடை பெறாத வினாவாக நிற்பவள் மாதவி.

வெண்கலம் நம்மவர்க்குப் புதிதன்று. மெழுகில் உருவமைத்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அவ்வெற்றிடத்தில் உலோகம் வார்த்து, ஆடும் கடவுளை ஆயிரமாண்டுக்கு முன்பே படைத்தனர் சோழ நாட்டுச் சிற்பிகள். மொகஞ்சதாரோவில் 1926இல் கிடைத்த 10.5 சென்டிமீட்டர் உயரச் சிறுமியும் அவ்வாறு வார்க்கப்பட்டவளே. இடுப்பில் கையூன்றி அவள் நிற்கும் நிலையைக் கண்டே 'நடனமாது' என்றனர் ஆய்வாளர். அவள் ஆடினாளா என்பதை யார் அறிவார்! மாதவி ஆடியதற்கோ ஒரு முழுக் காதையே சான்று.

கூடலூரில், கண்ணகி கோட்டத்துக்கு மக்கள் கடந்து செல்லும் வழியில், ஒரு பூங்காவில் அவளுக்குச் சிலை எழட்டும். எந்தக் கோலத்தில்? கால் தூக்கி ஆடும் கோலத்தில் என்றால், மாலையை விலை பேசிய கண்களுக்கே மீண்டும் விருந்தாகும். மணிமேகலைக் காப்பியத்தில் வேறொரு காட்சி உண்டு. இந்திரவிழாவில் ஆட வருமாறு சித்திராபதி தூதனுப்புகிறாள், மாதவி மறுக்கிறாள். தன் வயிற்றில் பிறந்தவளைக் கண்ணகியின் மகள் என்றே கூறி, கணிகை வாழ்வுக்கு அனுப்பேன் என்கிறாள். பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் தடுத்தது 1947இல். மாதவி மறுத்ததோ எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்.

ஆட மறுத்தவளாக வடித்தால் அவள் கற்ற கலைக்கு இழுக்காகாதா என்பார் சிலர். நியாயமான கேள்விதான். சிற்பி அவள் காலைத் தரையில் ஊன்றட்டும். விரல்களில் மட்டும் ஏழாண்டுப் பயிற்சி தெரியட்டும்.